சார், ஒரு சந்தேகம்!

"சார், அந்த ஆளை என் பக்கத்துல இருந்து மாத்திடுங்க. இல்லன்னா நான் கிளாஸுக்கே வரல."

படபடவென்று கொட்டிவிட்டாள். டெலிபோனில் நாள் முழுக்க அடுத்தவர் புகாரைக் கேட்டு எழுதிக்கொள்கிற வேலை அவளுக்கு. அவளே புகார் சொல்ல வந்தால் சும்மாவா சொல்வாள்?

சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா, லிஃப்ட் மெக்கானிக்கா? என்ன பண்ணாரு?"

"கழுத்தே ஒரு இடத்துல நிக்காது சார் அவருக்கு. எப்பப் பாரு என் ஸ்கிரீனையே எட்டிப் பார்க்கிறாரு. பார்த்த கையோட 'சார், ஒரு சந்தேகம்'னு எழுந்துடறாரு. ஏழு வாரமா இதே கூத்து. எல்லாம் அரிச்சுவடி கேள்வி! பாதி நேரம் அதுலயே போகுது."

பொய்யில்லை. கம்ப்யூட்டரில் இசையமைக்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்தால் சத்தம் பிறக்கும். இரண்டாம் வாரம் மெக்கானிக் எழுந்து, "சார், பட்டனை அமுக்கினா சத்தம் வரல, பட்டனே நகர்ந்து ஓடுதே?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

"திருத்துற நிலையிலயே விட்டிருக்கீங்க. பூட்டிட்டு அமுக்குங்க" என்றார் சார்.

அவளும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் திரையில் நகர்ந்து ஓடிய பட்டனையும் பூட்டிக்கொண்டாள்.

அவள் மட்டும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! சேரும்போதே, "இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும் சார்" என்று வாயை விட்டிருந்தாள். வீட்டிலோ கணவர், "கோடு இழுத்தா பாட்டு வருமா? பார்த்து, ஷாக் அடிச்சிடப் போகுது" என்று கிண்டல். நாத்தனாருக்கு, "எங்க அண்ணி மியூசிக் டைரக்டர் ஆகப்போறாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பதே வேலை.

வரும் சனிக்கிழமை கடைசி வகுப்பு. அன்று நாடகக் குழு நடத்தும் அம்மா ஒருவர் வகுப்புக்கு வருகிறார். நாடகங்களுக்குப் பின்னணி ஒலி அமைக்க ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். முழுநேர வேலை. கிடைத்தால் அந்தப் பாழாய்ப்போன புகார் டெலிபோனைத் தலைமுழுகிவிடலாம். மெக்கானிக்கும் அதற்குத்தான் துடிக்கிறார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏற அவருடைய முழங்கால் இனி ஒத்துழைக்காதாம்.

"சரிம்மா, கடைசி வரிசைக்குப் போகச் சொல்றேன்" என்றார் சார்.

மெக்கானிக் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை வந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கைக்குட்டை ஈரமாகிவிட்டது.

முதலில் மெக்கானிக். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், மணி, கயிற்றின் முனகல், எல்லாம் சேர்ந்து ஒரு தாளம். நாடக அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நோட்டில் ஏதோ எழுதினார்.

அடுத்து அவள். மழை பிடிக்கிறாற்போல ஒரு மெட்டு. பட்டனை அமுக்கினாள்.

வந்தது. கோணலாக வந்தது. இரண்டு ஸ்வரம் சேர்ந்து மாற வேண்டிய இடத்தில் ஒன்று எப்போதும் ஒரு அடி பின்தங்கியது.

ஐயோ, நேற்று நன்றாகத்தானே இருந்தது! காலையில் பஸ்ஸில் வரும்போது லேப்டாப்பை மடியில் வைத்து, அழகாக இருக்கட்டுமே என்று சில கோடுகளை அழித்து மறுபடி இழுத்தது ஞாபகம் வந்தது. ஆனால் எந்தக் கோடும் இடம் மாறியிருக்கவில்லையே? மறுபடி அமுக்கினாள். மறுபடியும் கோணல்.

நாடக அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாரைக் கேட்கலாம். அவளா கேட்பாள்?

"சார், ஒரு சந்தேகம்!"

கடைசி வரிசையிலிருந்து மெக்கானிக். "இவருக்கு நேரங்காலமே கிடையாதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஒரே இடத்துலேர்ந்து ரெண்டு கோடு கிளம்புது சார். எது முதல்ல போகும்?"

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முதல்ல இழுத்ததுதான் முதல்ல போகும். மூணாவது வாரமே சொன்னேனே! பெட்டியோட இடது ஓட்டைதான் சத்தத்தைக் கிளப்பும், அதுக்குப் போற கோட்டைக் கடைசியா இழுக்கணும். மாத்தி இழுத்துட்டா, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், சத்தம் ஒரு அடி பின்தங்கும். அதை அழிச்சிட்டு மறுபடி இழுங்க, அவ்வளவுதான்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இடது கோட்டை அழித்தாள். அதே இடத்தில் அதே கோட்டை இழுத்தாள். பட்டனை அமுக்கினாள்.

மழை பொழிந்தது.

நாடக அம்மா கைதட்டிக்கொண்டே எழுந்து வந்தார். "உங்களையே எடுத்துக்கிறேம்மா. உண்மையைச் சொன்னா, அந்த லிஃப்ட்காரர் பேரைத்தான் முதல்ல எழுதி வச்சிருந்தேன். ஆனா கடைசி நாள்லயும் இப்படி அடிப்படையே தெரியாம சந்தேகம் கேட்கிறவரை நம்பி நாடகத்தை எப்படி ஒப்படைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும், "பிரமாதம் மேடம்" என்று தலையாட்டினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த வேலை போனால் திங்கட்கிழமை மறுபடி அதே டெலிபோன், அதே புகார், நாத்தனாரின் அதே சிரிப்பு.

"மேடம், அது அவரோட சந்தேகம் இல்ல" என்றாள். "என்னோடது. எட்டு வாரமா அவர் கேட்டதெல்லாமே என்னோடதுதான்."