நாலாவது போத்தல்

"புழுவா? எங்கட வீட்டிலயா?"

டெனிஷாவுக்கு வந்த கோபத்தில் கதவை முகத்தில் அறைந்து சாத்தியே இருப்பாள். பக்கத்து ஃபிளாட்காரி எட்டிப் பார்த்ததால்தான் வந்தவரை உள்ளே விட்டாள்.

வந்தவர் சுகாதாரப் பரிசோதகர் அலவி. வீட்டில் யார் யார் என்று கேட்டு, நாலு சின்னப் போத்தல்களில் பெயர் எழுதி ஒட்டினார். டெனிஷா, அவள் புருஷன் றெஜி, நாலு வயது மகன் ஜெனிஸ்டன், கொச்சிக்கடையிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் ஐறீன்.

"கோவிக்க வேணாம் மிஸ். கொழும்பில குடல்புழு எங்க, எவ்வளவு ஈக்கிதெண்டு கணக்கெடுக்கிறோம். சீட்டுப் போட்டதில ஒங்கட வீடும் வந்தீக்கி. நாலு பேர்ட மலமும் மூணு நாளில தந்தாச் சரி."

"அதெல்லாம் கொச்சிக்கடைப் பக்கம் போய்க் கேளுங்கோ. இது வெள்ளவத்தை. நாலாம் மாடி!"

டெனிஷா பிறந்து வளர்ந்ததே கொச்சிக்கடையில்தான். கலியாணமாகி ஏழு வருஷம் வெள்ளவத்தைக் கடற்காற்றுப் பட்டதில் அது அடியோடு மறந்து போயிற்று.

அலவி போனதும் ஐறீனைக் கூப்பிட்டாள்.

"இந்த நாலு போத்தலையும் நீங்களே நிரப்பிக் குடுங்கோ."

"நாலையுமா மேடம்?"

"சீ, இந்த வேலையெல்லாம் எங்களால ஏலாது. அதோட, ஜெனிஸ்டன் தம்பிட பேரில ஏதும் வந்துதெண்டா நேசறி முழுக்கக் கதை பரவும். வீட்டுப் பேர் என்னத்துக்கு ஆகும்?"

சொல்லிவிட்டு ஒரு பூச்சிக் குளிசையையும் நீட்டினாள்.

"முதல்ல இதைப் போடுங்கோ. உங்கட புழு எங்கட பேரில வரக்கூடாது."

ஐறீன் குளிசையை விழுங்கினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தம்பிக்கும் ஒருக்கா சோதிச்சுப் பார்த்தா நல்லம் மேடம். நெடுக வயித்துக்குத்தெண்டு அழுறார். பல்கனிப் பூச்சட்டி மண்ணை அள்ளித் தின்னுறவர். நான் எத்தினை தரம் பறிச்சு எறிஞ்சிருக்கிறன்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ! அது கொள்ளுப்பிட்டியில வாங்கின ஓகானிக் மண். தம்பிக்கு டொனிக் குடுக்கிறன்தானே?"

டொனிக் மூன்றாவது போத்தலும் முடியப் போகிறது. பிள்ளை மெலிந்துகொண்டே போகிறான். அது டெனிஷாவின் கண்ணிலும் படத்தான் செய்தது. ஆனால் புழு என்று மட்டும் அவளால் நினைக்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் ஐறீன் நாலு போத்தலையும் அலவியிடம் கொடுத்தாள். இரண்டு கிழமை கழித்து அவர் முடிவோடு வந்தார்.

"மூணு போத்தலில ஒண்டுமில்ல மிஸ். ஒண்டில மட்டும் சாட்டைப்புழு முட்டை. நல்லாவே ஈக்கி. ஐறீன்ட பேர் போட்ட போத்தல்."

டெனிஷாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே குழம்பியது. நாலும் ஒரே வயிற்றிலிருந்து வந்தவை. மூன்றில் இல்லாத புழு ஒன்றில் எப்படி வந்தது?

வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை. ஆகவே அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

"பார்த்தீங்களா! இந்த ஆக்களை வீட்டுக்குள்ள எடுத்தது எங்கட பிழை. ஐறீன், நாளையில இருந்து நீங்க வரத் தேவையில்ல!"

"அப்பிடிச் சொல்ல வேணாம் மிஸ். இது ஆளில இருந்து ஆளுக்கு நேராத் தொத்துறல்ல. முட்டை மண்ணில கெடந்து, அந்த மண் வாய்க்குள்ள போனாத்தான் வரும்."

"கொச்சிக்கடையில மண்ணுக்கா பஞ்சம்?"

ஐறீனின் வாசற்படியிலிருந்து றோட்டு வரை ஒரே சீமெந்து. அதை யார் கேட்டார்கள்? அலவி தாளை விரித்து எழுதினார். வெள்ளவத்தை: இல்லை. கொச்சிக்கடை: ஒன்று.

"காலையில ஒண்டு, அந்திக்கி ஒண்டு. மூணு நாளைக்கி" என்று ஐறீனிடம் குளிசைகளைக் கொடுத்தார்.

"சின்னப் பிள்ளையளுக்கு எவ்வளவு, சேர்?"

"நாலு வயசெண்டாலும் இதே அளவுதான்."

அலவி படியிறங்கியதும் ஐறீன் ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்தாள். ஜெனிஸ்டனை மடியில் தூக்கி வைத்து, ஒரு குளிசையைப் பொடித்து அவன் வாயில் போட்டாள்.

டெனிஷா பாய்ந்து வந்தாள். "என்ன செய்யிறீங்க? அது உங்கட மருந்து!"

"மூண்டு நாளைக்கு மட்டும் வர விடுங்கோ மேடம். குளிசை முடிஞ்சாப் பிறகு நான் வரேல்ல."

ஐறீன் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"மூண்டு போத்தல்தான் என்ட. தம்பிட பேர் கெடக்கூடாதெண்டு சொன்னீங்க. அதுதான் அவருடையதை என்ட பேரில குடுத்தனான்."