பதில் ஆள்

வேதமாணிக்கத்துக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

திருவொற்றியூர் ஜெபவீட்டில் சாட்சி நேரம். மைக் கை மாறி வந்துகொண்டிருந்தது. ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது, இன்னொருவர் மகளுக்கு வரன் கூடியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜானட் புருஷனைக் கண்ணாலேயே கிளப்பினாள்.

அவனிடம் இருந்தது சின்ன சாட்சி இல்லை. துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை. போன மாதம் ஒரு காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாயை விட்டு எழ முடியவில்லை. அன்றைக்குத்தான் மேல் அடுக்கிலிருந்து கம்பி நழுவி, அவன் வழக்கமாக நிற்கிற இடத்தில் விழுந்தது.

வலியைக் கொடுத்து உயிரைக் காத்தார் கர்த்தர் என்று பாஸ்டர் கண்ணீரே விட்டார்.

வேதமாணிக்கத்துக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. காப்பாற்றத்தான் கொடுத்தார் என்றால், காரியம் முடிந்ததும் வலியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாமா? அந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடித்திருந்தால் போதாதா? அவர் வழி மனுஷ புத்திக்கு எட்டாதாம். எனக்கு ஏன் இந்தக் கப்பல் என்று கேட்டால் ஆள் பிரித்துவிடுகிற மேஸ்திரியும் இதையேதான் சொல்வான்.

வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் ஜானட் சொன்னது வேறு காதிலேயே நின்றது.

"அன்னிக்கு நீ துடிச்சிகினு இருக்கசொல்ல முட்டி போட்டுக் கேட்டேன்யா. இந்தாளுக்குப் பதிலா வேற ஆள அனுப்புப்பான்னு. அனுப்புனாரு பாரு."

பெருமையாகத்தான் சொன்னாள். இறங்கும்வரை அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மைக் கைக்கு வந்தது. எழுந்தான்.

ஜானட்டுக்குப் பக்கத்தில் கார்குழலி. அவனோடு கம்பி கட்டிய மனோகரனின் பெண்டாட்டி. அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆறுதலாக இருக்கும் என்று ஜானட்தான் வரச் சொல்லியிருந்தாள். தலையில் ஜானட்டின் துப்பட்டா, பொட்டில்லாத நெற்றி. அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

அன்று காலை மனோகரன் வாசலில் நின்று சிரித்தது கண்ணுக்குள் வந்தது. "நீ படு மாமு, உன் ஷிஃப்ட்ட நான் பாத்துக்கறேன். எனக்குப் பதிலா ஒருநாள் நீ ஏறிக்கோ."

கம்பி கட்டுகிற ஆட்களுக்குள் அது எழுதாத கணக்கு. யாரும் ஏமாற்றியதில்லை.

அல்லேலூயா சொல்ல சபை காத்திருந்தது.

"மனோகரனுக்கு நான் ஒரு ஷிஃப்ட் பாக்கி" என்றான்.