துண்டுக்கடியில்

"இன்னைக்காச்சும் அவன்கிட்ட சொல்லிருவீகளா, இல்ல தீவாளி வரைக்கும் இழுப்பீகளா?"

தவிட்டு வாளியை இறக்கி வைத்துவிட்டு ஜோதி கேட்டாள். அவள் புருஷன் முத்துக்கிருஷ்ணன் தொழுவத்துத் தூணில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் உடம்பு ஒரு நாள் பாட்டைப் பட்டு முடித்ததுபோல் அசந்து கிடந்தது.

"சொல்றேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீக."

ஏழு கறவை மாடு. சிலமலை ஊரில் அது ஒன்றும் பெரிய பண்ணை இல்லை. செலவு மட்டும் பெரிய பண்ணைச் செலவு. பால் விலை நின்ற இடத்திலேயே நிற்க, தீவன மூட்டை மாதாமாதம் ஏறியது. அவரும் வெட்ட முடிந்ததையெல்லாம் வெட்டிப் பார்த்தார். கடைத் தீவனத்தைப் பாதியாக்கிவிட்டு வரப்பெல்லாம் புல் நட்டார். தொழுவத்து மின்விசிறியைக் கழற்றினார். சாயங்காலம் கறக்க வந்த ஆளை நிறுத்திவிட்டுத் தானே செம்போடு உட்கார்ந்தார். முழங்கால் போனது அதில்தான்.

அவர் செய்த சிக்கனங்களிலேயே சுலபமானது இரண்டு வருடத்துக்கு முந்தையது. பண்ணையாள் மலைச்சாமி சம்பளம் கூட்டிக் கேட்டபோது, "கூட்டுறதுக்கு வழியில்லப்பா. வேணும்னா சாணிய நீயே எடுத்துக்க. உன் மச்சினன் தோட்டத்துக்கு ஆகும்ல" என்று சொல்லி முடித்துவிட்டார். ஒரு பைசா செலவில்லை. குப்பைக்குழியும் காலியானது. "பரவால்லயே, உங்களுக்கும் பொழைக்கத் தெரியுது" என்று ஜோதியே அன்றைக்கு மெச்சினாள்.

இனி வெட்ட மிஞ்சியிருந்தது மலைச்சாமியின் சம்பளம் ஒன்றுதான்.

"நீங்க ஏன் இம்புட்டுத் தயங்குறீக? ஏலக்காத் தோட்டத்துக் கங்காணி அவன் மச்சினன் தோட்டத்துல அடிக்கடி ஜீப்ப நிப்பாட்டிப் பேசிட்டுப் போறாரு. நானே பாத்தேன். மலையில கூலி கூட. நீங்க சொல்லலேன்னாலும் அவன் போகத்தான் போறான்."

"அவன் போயிட்டா ஏழு மாட்ட யாரு பாக்குறது?"

"நாமதான்."

"இந்தக் கால வச்சுக்கிட்டா?"

"அப்பச் சம்பளத்தக் குடுங்க. எங்கிட்டிருந்து குடுப்பீகன்னு மட்டும் சொல்லிருங்க."

மலைச்சாமி இருந்தால் கட்டுப்படியாகாது. போனால் தொழுவமே நின்றுபோகும். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து அவருக்குத் தூக்கம் கெட்டு ஒரு மாதம் ஆகிறது.

மாடுகளைக் கழுவிவிட்டு மலைச்சாமி ஈரக் கையோடு வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு சோலியாப் பேசணும்."

"நானும் பேசணும்ப்பா. நீ மொதல்ல சொல்லு."

"வாயால சொல்ல ஒரு மாதிரியா இருக்கு." தோளில் கிடந்த துண்டை உருவி முன்னால் நீட்டினான். "கையக் குடுங்க."

சந்தையில் மாட்டு விலையைப் பிறர் காதில் விழாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். முத்துக்கிருஷ்ணன் ஏழு மாட்டையும் வாங்கியது அப்படித்தான். ஏழு தடவையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் மலைச்சாமி.

"இதென்ன மாட்டுச் சந்தையா?" என்று ஜோதி முணுமுணுத்தாள்.

துண்டுக்கடியில் மலைச்சாமியின் கை அவருடைய நாலு விரலைச் சேர்த்து அழுத்தியது.

நாலாயிரம்! சம்பளத்தில் கூட்டிக் கேட்கிறான் என்று முத்துக்கிருஷ்ணன் நினைத்தார். ஆனால் அந்தத் தொகையே அவருக்குத் தைரியத்தையும் கொடுத்தது.

"நாலாயிரம் கூட்டிக் குடுக்க என்னால ஆகாது மலைச்சாமி. இருக்குற சம்பளத்துக்கே முழி பிதுங்குது. இந்த மாசத்தோட உன்ன நிறுத்திக்கிருவமான்னுதான் நானே இருந்தேன். கோவிச்சுக்காத. நீ கங்காணியோட மலைக்கே போயிருப்பா."

சொல்லிவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அடுத்த நொடியே அதைவிடப் பெரிய மூட்டை ஏறியது. பதினைந்து வருடத்து ஆள்.

மலைச்சாமி கையை விடவில்லை.

"நாலாயிரம் இல்லண்ணே. நாப்பதாயிரம்."

"என்னது?"

"மாடு ஒண்ணுக்கு. ஏழையும் நானே பிடிச்சுக்கிறேன். பாதி பேங்குல தர்றாங்க. மீதி கையில இருக்கு."

ஜோதி வாயில் கை வைத்தாள். முத்துக்கிருஷ்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? இத்தன வருசமா என்னப் பாத்துமா புத்தி வரல? பால்ல ஒத்த ரூவா நிக்காதுப்பா. எத நம்பி வாங்குற?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. கங்காணி தலையை நீட்டிக் கத்தினார்.

"மலைச்சாமி, போன லோடு பத்தலியாம்ப்பா! ஏலச்செடிக்கு உன் சாணி எருவ விட்டா வேற வேணாம்ங்கிறாக. ரேட்டக் கூட்டித் தர்றாகளாம், இன்னும் அம்பது மூட்டைய வெரசா கொண்டா!"

முத்துக்கிருஷ்ணன் காலியாகக் கிடந்த குப்பைக்குழியைத் திரும்பிப் பார்த்தார்.

மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தணிவாகச் சொன்னான்:

"பாலுக்காக வாங்கலண்ணே. வீட்டுக்கு வேணும்னா பால நீங்களே எடுத்துக்கங்க."