இன்னும் ஒரு சோதனை

இந்த முறையும் பேராசிரியர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பழைய சர்வரை நிறுத்துறியே, புதுசு வேலையை முழுசா ஏத்துக்கிச்சான்னு பார்த்தியா? இன்னும் ஒரு சோதனை பண்ணிட்டு வா."

கிளவுடில் ஓடும் மென்பொருளை, பயன்படுத்துகிறவருக்குத் தெரியாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. சோதனை செய்து செய்து அவனுக்கு அலுத்துவிட்டது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கி, பெரிய கம்பெனிகளில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் ஒரு வேலை தயாராக இருந்தது. பட்டம்தான் பாக்கி.

மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். வேலை கிடைத்தால் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்து மாற்றிவிடலாம் என்று அவன் தவியாய்த் தவித்தான்.

"அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல" என்று வீட்டுக்கு வந்து பொருமுவான்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்வார், விடுங்க" என்பாள் அவள். அதைக் கேட்டால் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போன பிறகு, நடைப்பிணமாக ஒரு நாள் துறைக்குப் போனான். பேராசிரியர் ஆய்வேட்டை வாங்கினார். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவனுக்கு ரத்தம் கொதித்தது.

"இப்ப மட்டும் எல்லாம் சரியாயிடுச்சா சார்? அன்னிக்கே போட்டிருந்தா அவளைக் காப்பாத்தியிருப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் மேல கோபம் இருக்கட்டும்ப்பா. வேலையில சேர்ந்துடு."

ஆய்வேட்டைப் பதிவு செய்ய அலுவலகத்துக்குப் போனவன், அங்கேயும் அவரைத் திட்டித் தீர்த்தான். முத்திரை குத்திக்கொண்டிருந்த அலுவலக அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, பட்டம் வாங்கிட்டா நீங்க மாணவர் இல்ல. குடும்பத்துக்குக் கிடைக்கிற இலவச வைத்தியம் அன்னியோட நின்னுடும். புது வேலையில தர்ற இன்சூரன்ஸ், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு ஆரம்பத்துல செல்லாது. சார் அந்தக் கம்பெனிக்கே போன் பண்ணிக் கேட்டார், என் எதிர்லதான். மாணவரை இழுத்தடிக்கிறார்னு பேர் வாங்கி, துறைத் தலைவர் பதவியும் அவருக்குக் கைநழுவிப் போச்சு."

அவன் எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'இவன்கிட்ட சொன்னா வீட்ல போய்ச் சொல்லுவான். தன்னால புருஷன் படிப்பு நிக்குதுன்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு மருந்தையே நிறுத்திடும். திட்டு என்னோட போகட்டும்'னார்."