பலகை சொன்ன ஆயுசு

கவுன்சலிங் ஹாலில் ஒவ்வொரு எம்.இ. பிரிவுக்கும் இன்னும் எத்தனை ஆண்டு வேலை இருக்கும் என்று பலகை காட்டியது. ஒரு சீட்டு நிரம்பினால் அந்த எண் குறையும். காலையில் நாற்பது காட்டிய ரோபோட்டிக்ஸ், மதியத்துக்குள் இரண்டுக்கு வந்துவிட்டது. யாரும் சீந்தாத நீர்வளப் பொறியியல் ஐம்பதில் நின்றது.

"அப்பா, எனக்கு நீர்வளம்தான் பிடிச்சிருக்கு. ஆயுசும் அதுக்குத்தான் கெட்டி," என்றாள் நறுமுகை.

தங்கராசு ஏமாறுகிற ஆள் இல்லை. "நல்லதா இருந்தா இப்படிக் காலியா கிடக்குமா?" என்றபடி ரோபோட்டிக்ஸின் கடைசி சீட்டை அழுத்தினார்.

பலகை ஒன்றரை ஆண்டு என்றது. படிப்பு முடியவே இரண்டாண்டு ஆகும்.

அதற்குள் அவர் தம்பிக்குப் போன் போட்டிருந்தார். "கடைசி சீட்டுடா. பின்னால நின்ன நாற்பது பேர்ல ஒருத்தனுக்கும் கிடைக்கலை."