குடியுரிமைக்கு நாலு ஸ்டேர்

தவச்செல்வன் முற்றத்து விறகு அடுக்கின் மேல் கிடந்த பனியைத் தட்டிவிட்டு, அதிலிருந்து பன்னிரண்டு கட்டைகளை எடுத்துக் கூடைக்குள் போட்டான். பக்கத்து வளவில் நின்ற வெர்னர் அதைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காகத்தான் அவன் வேலைக்குப் போகுமுன் தினமும் இந்தக் குளிரில் வந்து நின்றான்.

கூடையை வீட்டுக்குள் கொண்டுபோய், வரவேற்பறையைக் கடந்து, நிலவறைக்கு இறக்கி, முன்பு இறக்கிய கட்டைகளுக்கு மேல் அடுக்கினான். வசந்தம் வந்ததும் இதே கட்டைகளைக் காரில் ஏற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மலிவாகக் கிடைத்தது என்று சொல்லி முற்றத்தில் இறக்க வேண்டும். போன வருடமும் அப்படித்தான் செய்தான்.

விஷயம் இதுதான்: வீட்டில் விறகடுப்பு இல்லை.

பேர்ன் நகருக்கு வெளியே இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது அடுப்பு இருந்தது. அது நின்ற மூலை வடகிழக்கு என்று கண்டுபிடித்த அவன் மனைவி சரணியா, அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் சாமித்தட்டு வைத்தாள். வீட்டைச் சூடாக்க மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்பு இருந்தது. கூரையில் புகைபோக்கி மட்டும் மிஞ்சியது.

வெர்னர் அந்த ஊரின் குடியுரிமைக் குழுவில் பெரிய ஆள் என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. மாரிக் குளிருக்கு முன் விறகு அடுக்கத் தெரியாதவனுக்கு இந்த நாடு விளங்காது என்று ஒருநாள் வேலியடியில் அவர் சொன்னார். தவச்செல்வன் வேகமாகத் தலையாட்டி, தானும் விறகுக்குச் சொல்லி வைத்திருப்பதாக ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். இருபது வருடம் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்து, ஒழுங்காக வரி கட்டி, ஒரு தண்டச் சீட்டுக்கூட வாங்காத மனிதனின் சிவப்பு சுவிஸ் கடவுச்சீட்டு அன்றிலிருந்து விறகில் தொங்கியது. வருகிற வெள்ளிக்கிழமை குழு கூடி அவன் விண்ணப்பத்தைத் தீர்மானிக்கிறது.

மலிவாக விறகு வாங்கும் வித்தையையும் வெர்னரே சொல்லிக்கொடுத்தார். கடையில் பொதி செய்து விற்பதை வாங்குபவன் மடையன். காட்டிலாகாக்காரரிடம் பச்சை பீச் மரமாக வாங்கினால் பாதி விலை. பிளந்து, தரையில் படாமல் பலகைத் தட்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கி, மேலே மட்டும் மூடி, இரண்டு கோடை காயவிட வேண்டும். நாலு ஸ்டேர், அதாவது நாலு கன மீட்டர் விறகைத் தவச்செல்வன் நூல் பிடித்து அடுக்கினான். ஈரம் பார்க்கும் கருவிகூட வாங்கினான். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்க மறந்தாலும் விறகுக்கு ஈரம் பார்க்க மறக்கமாட்டார் என்று சரணியா கோவிலில் காண்போரிடமெல்லாம் சொன்னாள்.

அன்று பின்னேரம் அவளுக்கு ஒரு பயம் வந்தது.

"எங்கட கூரையில ஒரு நாளும் புகை வாறேல்லை. மனுசன் கண்டுபிடிச்சிடாதோ?"

"நல்லாக் காஞ்ச விறகெண்டா புகையே தெரியாது எண்டு வெர்னரே சொன்னவர். அவற்ற கூரையில எப்பவாவது புகை கண்டனீரோ?"

சரணியா யோசித்துப் பார்த்தாள். கண்டதில்லைத்தான். அந்த மனிதரின் விறகு எவ்வளவு அருமையாகக் காய்ந்திருக்கும் என்று அவளுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

புதன்கிழமை பனிப்புயல் அடித்தது. மின்கம்பி அறுந்து ஊர் முழுக்க மின்சாரம் நின்றது, பம்பும் நின்றது. மறுநாள் காலையில் வீட்டுக்குள்ளேயே மூச்சுவிட ஆவி பறந்தது. வீதி மூடிக் கிடந்ததால் காரும் எடுக்க முடியவில்லை. அவர்களின் இரண்டு வயது மகள் யாதவி மூன்று கம்பளிகளுக்குள் சுருண்டு கிடந்து இருமினாள். நிலவறையிலும் முற்றத்திலும் நாலு ஸ்டேர் விறகு மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது, மூட்டத்தான் இடமில்லை.

சரணியா பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"பாஸ்போர்ட்டும் மண்ணாங்கட்டியும். இவளைக் கொண்டுபோய் வெர்னற்ற நெருப்புக்கு முன்னால இருத்துங்கோ. கேட்டா உண்மையைச் சொல்லுங்கோ."

நாளைக்குக் குழு கூடுகிறது என்று சொல்ல அவன் வாயெடுத்தான். பிள்ளையின் பாதம் கையில் பட்டது, பனிக்கட்டி மாதிரி இருந்தது. இருபது வருடக் கனவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முழங்கால் புதையும் பனியில் இறங்கி நடந்தான்.

கதவைத் திறந்த வெர்னர் தடித்த கோட்டும் தொப்பியும் கையுறையுமாக நின்றார். பனி வழிக்கப் புறப்படுகிறார் போலும் என்று நினைத்த தவச்செல்வன், அவர் வெளியே போவதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த சுவிஸ் ஜெர்மனில் ஒரே மூச்சில் கொட்டினான். அடுப்பைக் கழற்றியது, சாமித்தட்டு, நிலவறை, வசந்தத்தில் ஊர்வலம் போகும் விறகு, ஒன்றையும் மறைக்கவில்லை. நாளைக்கு எனக்கு எதிராகவே கையுயர்த்துங்கள், பிள்ளையை மட்டும் உங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க விடுங்கள் என்று கேட்டு முடித்தபோது அவன் கண் கலங்கிவிட்டது.

வெர்னர் படியிறங்கி வந்து வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தவச்செல்வனின் காதருகே குனிந்தார்.

"எங்கட வீட்டிலயும் அடுப்பு இல்லை, குழுவில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."