அறுபது டிகிரி

ஆஸ்திரேலியாவின் வயால்லா நகர ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து லொரெய்ன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டு வெந்நீர்க் குழாயில் வளர்ந்த கிருமி ஷவர் வழியாக நுரையீரலுக்குள் போய், அவளை மூன்று வாரம் படுக்கையில் தள்ளியிருந்தது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஹீட்டரை எத்தனையில வெச்சிருக்கீங்க?”

“அறுபது டிகிரி. அந்தச் சூட்டுல கிருமி வளராது. இனிமே குறைக்க மாட்டேன்” என்றது மறுமுனையில் ஆண் குரல்.

“ஷவர்?”

“புதுசு மாட்டிட்டேன்.”

“பின்பக்க பாத்ரூம்? அங்க யாரும் குளிக்கிறதே இல்ல. குழாய்ல தண்ணி தேங்கியே கிடக்குமே?”

“அது வந்து… மறந்துட்டேன்.”

“அப்ப நாளைக்கு நான் வரல. முதல்ல அதைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க.”

அவள் போனை வைத்தாள். இன்னொரு தடவை அந்த இருமலைத் தாங்க உடம்பில் தெம்பில்லை.

நர்ஸ் மாத்திரையை நீட்டினாள். “பிளம்பரா? வேலை சுத்தமில்லன்னா வேற ஆளைப் பாருங்கம்மா.”

லொரெய்ன் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

“பிளம்பர்தான். ஊர்ல நல்ல பேரு. ஆனா எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. இனிமே எங்க போய் வேற ஆளைத் தேடறது?”